சூரியன் மீது போட்ட பழி

1720-இல் லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு விலை சரிந்தபோது, பேராசையும் மோசடியும்தான் காரணம் என்றார்கள். நாடாளுமன்றம் குற்றவாளிகளைத் தேடி விசாரணை நடத்தியது. அடுத்த நூற்றாண்டில் அந்த விளக்கம் போதவில்லை. 1825, 1837, 1847, 1857, 1866 என ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை இங்கிலாந்தில் வணிகம் முடங்கியது. பேராசை என்றும் இருப்பது. அது இப்படித் தவணை வைத்தா வெடிக்கும்?

மான்செஸ்டர் வங்கியர் ஜான் மில்ஸ் 1867-இல் மனித மனத்தில் விடை தேடினார். நம்பிக்கை மிகும்போது கடன் பெருகுகிறது, அச்சம் வந்ததும் சுருங்குகிறது என்பது அவர் கட்சி. பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸுக்கு அது பாதி விடைதான். மனம் ஏன் தவணை தவறாமல் மாறுகிறது? அவர் சூரியப் புள்ளிகளைக் காட்டினார். புள்ளிகள் கூடிக் குறைவதற்கேற்ப வெயில் மாறும், விளைச்சல் மாறும், வணிகமும் மாறும் என்றார்.

இந்த வாதத்துக்குச் சென்னை மாகாணத்தோடும் தொடர்பு உண்டு. தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டிய 1877-இல், சென்னையின் மழைப் பதிவுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர், புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஜெவன்ஸ் மீதியைக் கோத்தார்: இந்தியாவில் மழை பொய்த்தால் தானிய விலை ஏறும், குடியானவன் கையில் துணி வாங்கக் காசு மிஞ்சாது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைச் சரக்கு தேங்கும். 1878 அக்டோபரில் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது அவருக்குத் தோதாக அமைந்தது.

கணக்குதான் இடித்தது. நெருக்கடிகளின் இடைவெளி ஏறத்தாழப் பத்தரை ஆண்டு. சூரியச் சுழற்சியோ பதினோரு ஆண்டு என்று கருதப்பட்டது. பத்தரைக்கு நெருங்கிய புதிய மதிப்பீடு ஒன்று கிடைத்ததும் ஜெவன்ஸ் அதைப் பற்றிக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் விடுபட்ட இடங்களுக்கும் நெருக்கடிகளைத் தேடிப்பிடித்தார். குடியானவன் வீட்டு வறுமை லங்காஷயரைத் தாக்கும் என்று கண்டது கூர்மையான பார்வை. அதற்குச் சூரியன் தேவைப்படவில்லை. மேலும், பஞ்சத்தைச் சூரியன் தலையில் கட்டினால், பட்டினி நடுவே தானியம் ஏற்றுமதியானதும், நிவாரணக் கூலி அரை வயிற்றுக்கும் போதாமல் குறைக்கப்பட்டதும் கணக்கில் வராமலே போகும்.

பிரான்சின் கிளெமான் ஜுக்லார் 1862-லேயே வேறு வழியில் போயிருந்தார். மருத்துவரான அவர் பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்க வங்கிகளின் கணக்குகளைப் புரட்டினார். ஒவ்வொரு நெருக்கடிக்கும் முன்னால் கடன் ஏறி, பொன் வெள்ளிக் கையிருப்பு இறங்கியிருந்தது. முந்தைய செழிப்பே நெருக்கடிக்கு வித்து என்று அவர் முடிவு கட்டினார். ஏழு முதல் பதினோரு ஆண்டு வரையிலான வணிகச் சுழற்சியைப் பொருளியல் இன்றும் ஜுக்லார் பெயரால்தான் அழைக்கிறது.