மூளைக்குள் அம்மோனியாவை விழுங்கும் நட்சத்திரங்கள்... தெரியுமா?

சென்னை சென்ட்ரலை நெருங்கும்போது பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றுவிட்டதா? அலுத்துக்கொள்ளாதீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. கல்லீரல் நோயாளிகளிடம் டாக்டர்கள் செய்யும் ஒரு சின்ன சோதனையைக் கேளுங்கள்!

"பஸ்ஸை நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க. விரலை விரிச்சு அப்படியே வைங்க."

சில நொடிகள்தான். சிலருக்குக் கை மணிக்கட்டோடு தொப்பென்று தொங்கும், நிமிரும், மறுபடி தொங்கும். கையில் ஒரு குறையும் இல்லை. கோளாறு மூளையில்! அங்கே முதல் அடி வாங்குவது நரம்பு செல்கூட இல்லை, அதைச் சுற்றியிருக்கும் நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்!

அடிப்பது அம்மோனியா! 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா நினைவிருக்கிறதா? கண் எரிய, மூச்சுத் திணற, ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதே! அதே அம்மோனியா நம் எல்லோர் குடலிலும் தினமும் உண்டாகிறது, தெரியுமா? கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

கல்லீரல் தழும்பேறும் சிரோசிஸ் நோய் வந்து கல்லீரல் கைவிட்டால், அந்த அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. அதைப் பிடித்துக் குளுட்டமினாக மாற்றும் நொதி மூளையில் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுக்குள்தான் இருக்கிறது. விஷத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது! குளுட்டமின் சேரச் சேரத் தண்ணீர் உள்ளே புகுந்து, செல் வீங்குகிறது. ஆள் குழம்புகிறார்; பகலில் தூங்கி இரவில் விழிக்கிறார்; முற்றினால் நினைவே தப்பிவிடும்.

இந்தச் செல்லையா 19ஆம் நூற்றாண்டில் வெறும் பசை என்று நினைத்தார்கள்! மனித மூளையில் ஒரே ஒரு ஆஸ்ட்ரோசைட் 20 லட்சம் நரம்புச் சந்திப்புகள் வரை தொட்டுக்கொண்டிருக்கும். 2013இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், இவை உருவாகும் மனித முன்னோடி செல்களை எலிக்குஞ்சுகளின் மூளையில் வைத்தார்கள். வளர்ந்த எலிகள் மற்ற எலிகளைவிட வேகமாகக் கற்றுக்கொண்டன!

கல்லீரலால் வரும் இந்த மூளைக் குழப்பத்தில் என்னை அசத்துவது அதற்கான வைத்தியம்தான். மூளை குழம்பியவருக்குக் கொடுப்பது லாக்டுலோஸ் என்ற இனிப்பு சிரப், அதாவது மலமிளக்கி! குடலைப் புளிப்பாக்கி, அம்மோனியாவை அங்கேயே பிடித்து வெளியேற்றுகிறது. அதனால்தான் நர்ஸ் தினமும் கேட்கிறார்: "ரெண்டு மூணு தடவை வெளிக்குப் போச்சா?" வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருந்தால் நீங்களும் கேளுங்கள். அவர் பகலில் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.