லாரி முகப்பிலுள்ள நான்கு இலக்கங்கள்

பழைய சரக்கு லாரி வாங்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் வண்டியை ஓர் எண்ணால்தான் குறிப்பிடுவர்: ‘டாட்டா 1613’, ‘லேலண்ட் 2516’. அதை வண்டியின் பெயரென்றே பலரும் கொள்கின்றனர். உண்மையில் அது ஒரு சுருக்கக் குறிப்பு. முதல் இரண்டு இலக்கங்கள் மொத்த எடையை டன் கணக்கிலும், பின்னிரண்டு இலக்கங்கள் எஞ்சினின் குதிரைத்திறனைப் பத்தில் ஒரு பங்காகவும் ஏறத்தாழக் காட்டுகின்றன. ஆகவே 1613 எனில் 16 டன், 130 குதிரைத்திறன்.

டாட்டா வண்டிகளில் எண்ணுக்கு முன் வரும் எழுத்துகளுக்கும் பொருளுண்டு. அந்நாளைய டெல்கோ நிறுவனம் 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் இணைந்து லாரி தயாரித்தது. எல்.பி.டி., எல்.பி.கே., எல்.பி.எஸ். என்பன அவ்வுறவின் எச்சங்கள். கடைசி எழுத்தைக் கவனித்தால் போதும். டி என்றால் சரக்கு லாரி. கே என்றால் டிப்பர் (ஜெர்மன் மொழியில் அதற்குக் ‘கிப்பர்’ என்று பெயர்). எஸ் என்றால் டிரெய்லரை இழுக்கும் வண்டி. எல்.பி.எஸ். 4018 என்பதிலுள்ள 40 டன், டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடை.

கடனுக்கான வருமானக் கணக்கு பிழைபடுவது இந்த எடையில்தான். மொத்த எடை என்பது ஏற்றத்தக்க சரக்கன்று. சேசிஸ், கேபின், பாடி, டீசல், சரக்கு அனைத்தும் அதனுள் அடங்கும். ஆர்.சி.யில் மொத்த எடை 16,200 கிலோ, வெற்று எடை 6,200 கிலோ என்றிருந்தால், ஏற்றத்தக்கது 10,000 கிலோ மட்டுமே. பாடி கட்டிய விதத்துக்கேற்ப இது வண்டிக்கு வண்டி மாறும். ‘16 டன் வண்டி’ என்று நம்பி 16 டன் சரக்கு ஏற்றினால், 6 டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆக 32,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கும் செலவும் உரிமையாளருடையதே. ஒரு மாதத் தவணையை விழுங்கிவிடக்கூடிய தொகை இது.

2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரிக்கான வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. புதிய வண்டிகள் 18, 19 எனத் தொடங்கும் எண்களுடன் வருவது இதனால்தான். தரகர் இதைச் சொல்லிப் பழைய வண்டிக்கு விலை கூட்டினால் ஏற்க வேண்டா. அந்த வண்டியின் ஆர்.சி.யில் பதிவான எடைதான் அதற்கு வரம்பு.

பேச்சுவழக்கையும் முழுதாக நம்ப இயலாது. ‘டாரஸ்’ என்பது அசோக் லேலண்டின் வண்டிப் பெயர். நம் ஊர்களிலோ பெரிய லாரி எதுவாயினும் டாரஸ்தான்! முகப்பு எழுத்தும் அப்படியே. பழைய வண்டியில் கேபினும் எஞ்சினும் மாற்றப்பட்டிருக்கலாம். பெயின்ட் கடையில் எந்த எண்ணையும் எழுதிவிடலாம்.

எனவே முன்பணம் தருமுன் சேசிஸ் எண்ணைத் தாளில் தேய்த்தெடுத்து, ஆர்.சி.யுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இடங்கள் கொண்ட எண்ணாயின் அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வருவதில்லை; ஓ போலத் தோன்றுவது சுழியமே. எஞ்சின் எண்ணையும் அவ்வாறே சரிபாருங்கள். ஆர்.சி.யில் முந்தைய கடன் குறிப்பு இருந்தால், அந்த நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றையும் கேட்டுப் பெறுங்கள்.