சாம்பல் உரமாகுமா?

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலை மலையுச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். 2668 அடி உயரத்தில் எரியும் அந்தச் சுடரைக் காண இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர். அமைச்சர்கள் வருகின்றனர்; அதிகாரிகள் வருகின்றனர்; காவலர் படை நிற்கிறது. ஆனால், தோழர்களே, அதே மலையில் இன்னொரு தீயும் எரிகிறது! அதற்கு நாள் குறிப்பாரில்லை, பந்தல் போடுவாரில்லை. தை கழிந்து, புல் காய்ந்து சருகான பிறகு, ஏதோ ஓர் இரவில் மலைச்சரிவில் செங்கோடு ஒன்று ஓடும். ஊரார் மாடியில் நின்று பார்ப்பர். "மலை எரியுது" என்பர். உறங்கப் போவர்.

விடிந்தால், மரம் எத்தனை போயிற்று என்று கேட்பார் உண்டு. மண் என்னாயிற்று என்று கேட்பார் உண்டா?

"மண்ணுக்கென்ன கேடு? சாம்பல் விழுந்தால் உரம்தானே! எரிந்த இடத்தில் முதல் மழைக்கே புல் பசேலென்று கிளம்புகிறதே!" என்று வாதாடுவோர் இருக்கின்றனர். கிளம்புகிறது, மறுக்கவில்லை. சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் உண்டு, அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பசுமை எப்படிப்பட்டது? மனைவியின் தாலியை அடகு வைத்துத் தீபாவளி கொண்டாடுகிறானே ஒருவன், அவன் வீட்டு வாசலில் வெடிக்கும் பட்டாசு போன்றது! பயிருக்கு முதல் உணவான தழைச்சத்து சாம்பலில் தங்குவதில்லை. பெரும்பகுதி புகையோடு வானத்துக்குப் போய்விடுகிறது. எஞ்சிய சாம்பலையோ, சரிவான மலையில் முதல் பெருமழையே வழித்துக் கொண்டு போகிறது. கீழே ஏரியில் வண்டலாய்ப் படிகிறது. மலைக்கு மிஞ்சுவது கல்.

காட்டு மண்ணின் உயிர் அதன் மேல்தோலில் இருக்கிறது. உதிர்ந்த இலை, மக்கிய சருகு, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் எல்லாம் குடியிருப்பது அந்த மேலடுக்கில்தான். மழைத்துளி நேரே மண்ணை அடிக்காமல் தடுப்பதும், நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல மெல்லச் சுனைக்கு விடுவதும் அதுவே. தீ அந்தப் பஞ்சைப் பொசுக்குகிறது. சில வகை மண்ணில் இன்னொரு கேடும் நேர்கிறது: எரியும் இலைகளிலிருந்து மெழுகு போன்ற பொருள் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்து, மணலைப் போர்த்துக் கொள்கிறது. பிறகு அந்த மண்ணில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர்தான். ஊறாது, ஓடும்!

ஓடினால் என்ன ஆகும்? அமெரிக்காவிலே, கலிபோர்னியாவிலே, 2017 டிசம்பரில் ஒரு பெருந்தீ மலைகளை எரித்தது. அடுத்த மாதம், 2018 ஜனவரி 9-ஆம் நாள், எரிந்த சரிவிலே மழை பெய்தது. சேறும் பாறையும் மாண்டெசிட்டோ என்ற ஊர் மீது இறங்கின. 20 பேருக்கு மேல் மாண்டனர். அது செல்வர்கள் மாளிகை கட்டி வாழும் ஊர்!

நம் ஊரிலும் மலை இறங்கியது. 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில், அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து 7 பேர் மடிந்தனர். குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தச் சரிவுக்குத் தீயே காரணம் என்று நாம் கூறவில்லை. கூறுவது நேர்மையும் ஆகாது. ஆனால் வேர் பிடித்து நிறுத்த வேண்டிய மண்ணை ஆண்டுதோறும் எரிய விட்டுவிட்டு, அடுத்த பெருமழைக்கு எந்தத் துணிவில் காத்திருப்பது? அடிவாரத்தில் குடியிருப்பவன் யார்? மலைக் காட்சி பார்க்க ஆசைப்பட்டவனா? மேட்டில் மனை வாங்க வக்கற்ற கொத்தனார், பூக்கட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர்!

தீ வைப்பவன் யார் என்று கேட்டால், ஆடு மேய்ப்பவன் மீதும் புல் அறுப்பவன் மீதும் உடனே விரல் நீளும். இளம்புல்லுக்காகக் கொளுத்துவோர் இல்லாமல் இல்லை. ஆனால் காரில் வந்தவர் வீசிவிட்டுப் போன சிகரெட்டுத் துண்டை எண்ணியவர் யார்?

இந்த மலையில் எலுமிச்சை மணம் வீசும் ஒரு புல் மண்டிக் கிடக்கிறது. எண்ணெய்ச் சத்துள்ள புல், பற்றினால் பந்தம்தான். தீயில் மரக்கன்று சாகும். புல்லின் வேரோ சாகாது. மழை விழுந்ததும் கன்று இருந்த இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும். மறுகோடையில் முன்னிலும் அதிகம் எரியும். எப்போதோ ஒருமுறை எரிந்தால் காடு தேறிக்கொள்ளும். தேறுவதற்குள் மீண்டும் எரிந்தால் எப்படித் தேறும்? ஓர் அங்குல மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

இந்தச் சுழலை உடைக்க முடியாதா? உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். 1980-களின் இறுதியிலிருந்து இம்மலையில் மரம் நடும் முயற்சிகள் நடந்து வருகின்றன. இன்று 'ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையினர் உள்ளூர் மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நடுவதோடு, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடும் வெட்டுகின்றனர். புல்லைச் செதுக்கி, சரிவின் குறுக்கே வெறும் மண்ணாய் ஒரு பாதை, அவ்வளவுதான்! வந்த தீ அங்கே தின்ன இரையின்றி நிற்கும். இதற்கு விமானம் வேண்டாம். வெளிநாட்டு எந்திரம் வேண்டாம். அரிவாளும் மண்வெட்டியும், அவற்றைப் பிடிக்கும் கைகளும் போதும். தீ மூண்ட இரவில் பச்சைத் தழையை ஒடித்துக் கொண்டு மேலேறி அடித்து அணைப்பவையும் அந்தக் கைகள்தான்.

அந்தக் கைகளுக்குக் கூலி என்ன? கால் வெந்தால் மருத்துவம் யார் செலவு? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி மாண்டபோது நாடு பதறியது, ஆணை பறந்தது. யாரும் சாகாமல் மண் மட்டும் செத்தால் கோப்பு நகர்வதில்லை!

தீபத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு துளியை மலைச்சரிவுக்கும் ஒதுக்கட்டும். மாசி பிறக்கும் முன் தீக்கோடு முழுவதும் வெட்டி முடிக்கப்பட வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக, வைகாசி வரை இரவுக் காவல் வேண்டும். அந்த வேலைக்கு வெளியூர் ஒப்பந்தக்காரர் வேண்டாம். அடிவாரத்துத் தெருக்களின் இளைஞர்களை நாட்கூலி பேசி, காலணியும் காப்பீடும் கொடுத்து அமர்த்தட்டும். கிளைக் கழகத் தோழர்கள் இக்கோரிக்கையை எழுதிக் கையெழுத்துத் திரட்டி, பொங்கலுக்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வரவேண்டும்.