வீட்டு மேசையில் ஒரு விமானி இருக்கை

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறை அடுத்த சத்திரத்தில், தேசிய மாணவர் படையின் பயிற்சிக்கென 650 மீட்டர் நீள ஓடுதளம் ஒன்று உள்ளது. 2022 டிசம்பர் 1 அன்று ‘வைரஸ்’ என்னும் இரண்டு இருக்கைச் சிறு விமானம் அதில் முதன்முறையாகத் தரையிறங்கியது. மலைநாட்டுப் பிள்ளைகளின் விமானிக் கனவு அன்று இன்னும் அருகில் வந்தது.

ஆயினும் விமானிப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். அத்தொகையைச் செலுத்துமுன், பிள்ளையின் ஆர்வம் நிலைக்குமா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினி, ஜாய்ஸ்டிக், கால்மிதிகள், ‘எக்ஸ்-பிளேன்’ போன்ற மென்பொருள் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். செஸ்னா 172 விமானத்தைத் தேர்ந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் வீசும் மேற்குக் காற்றையும் அமைத்து, கோவை ஓடுதளத்தில் இறங்கிப் பழகலாம்.

சரிபார்ப்புப் பட்டியலை வரிசை தவறாமல் பின்பற்றும் ஒழுங்கு இதனால் கைவரும். ஆனால் உடல் உணரும் அசைவைத் திரை தராது. கருவிகளையே உற்றுநோக்கும் பழக்கமும் படிந்துவிடக்கூடும். பார்வை வெளியிலும் செல்லவேண்டும்.

வணிக விமானி உரிமத்திற்குத் தேவையான 200 மணி நேரத்தில் வீட்டுப் பயிற்சி சேராது. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்குமுன் மருத்துவத் தகுதிச் சோதனையை முடித்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நிறப்பார்வைக் குறை போன்றவை, கட்டணம் செலுத்தியபின் தெரியவருவதைவிட முன்னரே தெரிவது நன்று.