டொரண்டோவிலிருந்து ஃபுளோரிடா வரை: குழந்தைகளோடு குளிரைத் தாண்டுவது

கனடாவின் டொரண்டோ நகரிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் காரிலேயே போய்வரும் குடும்பங்கள் ஏராளம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும், மார்ச்சில் ஒன்டாரியோ பள்ளிகளுக்குக் கிடைக்கும் ஒரு வார விடுப்பிலும் இந்தப் போக்குவரத்து உச்சத்துக்குப் போகும். விண்ட்ஸரில் ஆற்றைத் தாண்டி டெட்ராய்ட்டில் ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்தால் டொலிடோ, சின்சினாட்டி, நாக்ஸ்வில், அட்லாண்டா வழியாக ஃபுளோரிடாவுக்குள் இறங்கலாம். ஆர்லாண்டோவுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகள் உடன் இருந்தால் இரண்டு நாள், மூன்று நாள் ஆகிவிடும்.

பழக்கம் நூறாண்டுப் பழையது. மிச்சிகனையும் மயாமியையும் இணைக்கும் டிக்ஸி நெடுஞ்சாலைத் திட்டம் 1915 வாக்கில் உருவானது. வடக்கிலிருந்து கூடாரமும் டின் உணவுமாகக் காரில் வந்து குளிர்காலத்தைக் கழித்தவர்கள், 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தையே தொடங்கினார்கள்.

தெற்கே போகப்போகக் குளிர் ஏன் குறைகிறது? டொரண்டோ 43.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, மயாமி 25.8 பாகையில். டிசம்பர் 21 நண்பகலில் டொரண்டோவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 23 பாகைதான் ஏறும். மயாமியில் 41 பாகை வரை ஏறிவிடும். சாய்ந்து விழும் வெயில் அகலமாகப் பரவுகிறது, காற்று மண்டலத்திலும் கூடுதல் தூரம் கடக்கிறது. தரைக்குக் கிடைக்கும் வெப்பம் அதனால் குறைகிறது. பகல் நேரமும் டொரண்டோவில் அன்று 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மயாமியில் பத்தரை மணி நேரம். வசந்தம் வடக்கே நகரும் வேகத்தை ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918-இல் ஒரு விதியாக வகுத்தார்: ஒரு பாகை வடக்கே போனால் வசந்தம் நான்கு நாள் தாமதமாகும். தோராயக் கணக்குதான். ஆனாலும் அந்தக் கணக்கின்படி, மார்ச்சில் இரண்டு நாள் கார் ஓட்டும் குடும்பம் நாட்காட்டியில் இரண்டு மாதங்களைத் தாண்டிவிடுகிறது. குழந்தையின் உடலுக்கும் காருக்கும் அந்த மாற்றத்தைத் தாங்க இரண்டே நாள்தான் அவகாசம். பயணத்தின் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே வருகின்றன.

முதல் நாள் முழுக்கக் குளிரின் ஆட்சிதான். சாலையில் தூவும் உப்பு தண்ணீரின் உறைநிலையைத் தாழ்த்திப் பனியை உருக்குகிறது. கரைசல் எவ்வளவு செறிவாக இருந்தாலும் மைனஸ் 21 பாகை செல்சியஸுக்குக் கீழே இது நடக்காது. சாலையிலோ மைனஸ் 10-ஐத் தாண்டினாலே உப்பின் வேகம் மிகவும் தளர்ந்துவிடும். இந்த உப்பின் பிறப்பிடம் பயணப் பாதைக்கு அடியிலேயே இருக்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிய கடலின் உப்புப் படிவங்கள் டெட்ராய்ட், விண்ட்ஸர் நகரங்களுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. இரண்டு நகரங்களிலும் சுரங்கம் வெட்டி எடுக்கிறார்கள்.

விண்ட்ஸருக்குப் பதிலாக பஃபலோ வழியாகப் போகிறவர்களுக்கு ஈரி ஏரியைக் கவனிக்கும் வேலை கூடுதலாக உண்டு. உறையாத ஏரியின் மீது வறண்ட குளிர்காற்று வீசும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மறுகரையில் பனியாகக் கொட்டும். 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்ப் பகுதிகளில் சில நாட்களுக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் கொட்டியது. சில மைல் வடக்கே மிகக் குறைவு. ஏரி ஆழம் குறைந்தது. கடுங்குளிரில் அதன் மேற்பரப்பு உறைந்து மூடிக்கொண்டால் இந்தப் பனிப்பொழிவும் அடங்கும்.

இந்தக் குளிரில் பெற்றோர் பாசத்தால் செய்யும் ஒரு காரியம்தான் மிக ஆபத்தானது. பஞ்சுபோல் உப்பிய குளிர்கோட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைத்து, அதன் மேல் பட்டையைப் பூட்டுவது. கோட்டின் கதகதப்பே அதற்குள் அடைபட்ட காற்றினால் வருவது. கார் மோதும் கணத்தில் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறும், கோட்டு சப்பையாகும், இறுக்கமாகத் தெரிந்த பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி விழும். குழந்தை அந்த இடைவெளி வழியே முன்னால் பாயும். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கோட்டோடு உட்காரவைத்துப் பட்டையை இறுக்க வேண்டும். பிறகு பட்டையின் நீளத்தை மாற்றாமல் கொக்கியை மட்டும் கழற்றி, கோட்டை எடுத்துவிட்டு, மறுபடி பூட்டிப் பார்க்க வேண்டும். தோள்பட்டை அருகே பட்டையை இரு விரலால் கிள்ளி மடிக்க முடிந்தால், அதுதான் கோட்டு மறைத்துவைத்திருந்த தளர்வு. மெல்லிய ஸ்வெட்டரோடு பட்டையைப் பூட்டி, அதன் மேல் போர்வையைப் போர்த்துவதோ, கோட்டைப் பின்பக்கம் முன்னாக வைத்துக் கைகளை நுழைப்பதோ போதும். குழந்தை அழுதாலும், புறப்பட நேரமானாலும் இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஹீட்டர் ஓடும் காருக்குள் தடித்த கோட்டு குழந்தையைப் புழுங்கவைக்கும் என்பது இன்னொரு காரணம்.

பனிப்புயலில் சாலை அடைபட்டால் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரை நம்பியிருக்கத் தோன்றும். பின்னால் சைலன்சர் குழாயைப் பனி மூடியிருந்தால், கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் கசியும். நிறமும் மணமும் இல்லாத வாயு. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைந்துகொள்ளும். எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். பாதிப்பும் அவர்களிடம் சீக்கிரம் தெரியும். குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிய பிறகு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, ஜன்னலைச் சிறிது திறந்துவைப்பதே முறை. பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

கென்டக்கியைத் தாண்டினால் பனி தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. டென்னஸி எல்லையில் சாலை மலையேறுகிறது. உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும். பாலங்கள் மற்றச் சாலையை முந்திக்கொண்டு உறையும். தரைச்சாலைக்கு அடியிலிருக்கும் மண் சற்று வெப்பம் தரும். பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்றுதான். அங்கே படியும் மெல்லிய பனிக்கண்ணாடி, ஈரத்தார் போலவே தெரியும். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்தது 5 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பனி. அதற்கே நகரம் முடங்கி, ஆயிரக்கணக்கானோர் இரவு முழுக்கச் சாலையிலேயே கழித்தார்கள். பனி அகற்றும் வண்டிகளும் உப்புக் கிடங்குகளும் டொரண்டோ அளவுக்கு அங்கே இல்லை என்பது ஒரு காரணம்.

மலை வளைவுகளில் தலைதூக்கும் தொல்லை வாந்தி. உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் வண்டி திரும்புவதை மூளைக்குச் சொல்கின்றன. பின்சீட்டில் தாழ உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்க்கும் பிள்ளையின் கண்களோ எதுவும் அசையவில்லை என்கின்றன. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரண்டு வயது வரை இது அபூர்வம். அதன் பிறகு பன்னிரண்டு வயது வரை அதிகம். திரையை அணைத்துத் தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால், கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். காலி வயிறும் ஆகாது, முட்டமுட்டத் தின்பதும் ஆகாது. மருந்து தருவதென்றால் வயதுக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டே தர வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வாந்தித் தொல்லை இல்லாவிட்டாலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து தூக்கிப் படுக்கவைப்பது அவசியம். வளைந்த நிலையில் தலை தொங்கினால் அவர்களுடைய மூச்சுப்பாதை எளிதில் குறுகிவிடும்.

ஃபுளோரிடாவில் கிடைக்கும் வெயில் வெறும் சுகமல்ல. பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் வைட்டமின் டி-யின் முன்னோடிப் பொருள் உருவாவதில்லை என்று 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது. 34 பாகையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்டு முழுதும் உருவாகிறது. டொரண்டோ பாஸ்டனைவிடச் சற்று வடக்கே உள்ளது. அட்லாண்டா லாஸ் ஏஞ்சலிஸின் அட்சரேகையை ஒட்டியிருக்கிறது. ஆகவே ஐ-75-இல் எங்கோ நடுவழியில் இந்த எல்லையைக் கார் கடக்கிறது. ஆனால் கார்க் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலோரம் எத்தனை மணி நேரம் வெயில் பட்டாலும் வைட்டமின் கிடைக்காது. இறங்கி விளையாட வேண்டும். தோலில் மெலனின் கூடுதலாக உள்ளவர்களுக்கு அதே அளவு வைட்டமினுக்கு அதிக வெயில் தேவை. டொரண்டோவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நேராகப் பொருந்தும். ஒரு வார வெயில் குளிர்கால மாதங்களின் குறையை ஈடுகட்டிவிடாது. கனடாவில் பாலில் வைட்டமின் டி சேர்ப்பது கட்டாயமாக இருப்பது இதனால்தான்.

குளிருக்கு அஞ்சியே பழகிய பெற்றோரின் கவனத்துக்கு எளிதில் தப்பிவிடுவது காரின் வெக்கை. வெளியே 22 பாகை மட்டும் இருக்கும் இதமான நாளிலும், பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சுமார் 22 பாகை கூடுகிறது; அதிலும் பெரும்பங்கு முதல் அரைமணியிலேயே கூடிவிடுகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னலை லேசாகத் திறந்துவைப்பது இதைத் தடுக்கவில்லை. குழந்தையின் உடல் சூடு பெரியவர்களைவிடப் பன்மடங்கு வேகமாக ஏறும். தூங்கும் பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் ஐந்து நிமிடம் விட்டுப்போவதையும் மன்னிக்க முடியாது.

திரும்பும் வழியில் இயற்பியல் தலைகீழாக வேலை செய்கிறது. வெப்பநிலை 5, 6 பாகை மாறினால் டயர் அழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. மாறும். மைனஸ் 10-இல் சரியாக அடித்த காற்று ஃபுளோரிடாவின் 25 பாகையில் ஆறு பி.எஸ்.ஐ. அளவு கூடிக் காட்டும். அங்கே இறக்கிவிட்டவர்கள் வடக்கே வரும்போது மறுபடி அடிக்காவிட்டால், குறைந்த காற்றோடு பனிச்சாலையில் ஓட்ட நேரிடும். தெற்கத்திக் கடையில் வாங்கி ஊற்றிய கோடைக்கான கண்ணாடிக் கழுவுநீரும் ஒஹாயோவுக்குள் குழாயிலேயே உறைந்துவிடும். முன்னால் போகும் லாரி உப்புச்சேற்றை வாரி இறைக்கும் சாலையில், கண்ணாடியைத் துடைக்க வழியில்லாமல் போகும். ஜார்ஜியாவைத் தாண்டும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.