கழுத்தைப் புரட்டிப் பார்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் எடுக்க வருகிறவர் துணியைத் தடவிப் பார்க்குமுன் கழுத்தைப் புரட்டுவார். லேபிள் முழுசா, பாதி வெட்டியதா, எந்த நாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு? ஏற்றுமதியில் மிஞ்சிய துணிக்கு அந்தத் துண்டுதான் ஜாதகம்.

பழைய சவரக்கத்திக்கும் ஜாதகம் கழுத்தில்தான். அலகு முடிந்து, பிடியின் ஆணி தொடங்குமுன் உள்ள குறுகிய இடத்தில். வயதைச் சொல்லத் துருவை நம்ப வேண்டாம். ஒரு மழைக்காலம் ஈரத்தில் கிடந்தால் போன வருடக் கத்தியும் கிழமாகிவிடும்.

கத்தியின் கழுத்தில் நாட்டின் பெயர் ஏறியதற்குக் காரணம் ஒரு வியாபாரச் சண்டை. ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து மலிவாக விற்கின்றன என்று ஆங்கிலேயர் கொதித்தார்கள். 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் போட்டது. அவமானப்படுத்த அது ஒட்டவைத்த 'மேட் இன் ஜெர்மனி' பிற்பாடு தரச் சான்றானது தனிக்கதை. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டமோ 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே 'ஷெஃபீல்டு' என்று ஊர் மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய கத்தியாக இருக்கலாம். 'இங்கிலாந்து' சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பிந்தையது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது என்பதால்தான் இந்த 'இருக்கலாம்'. நம் ஊர் நாவிதரின் அடைப்பத்தில் கிடந்த கத்தியை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

கிரீடத்தோடு 'வி.ஆர்.' என்றிருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. 'டபிள்யூ.ஆர்.' என்றால் யோகம்: நான்காம் வில்லியம் ஆண்டது 1830 முதல் 1837 வரை மட்டுமே.

எழுத்து தேய்ந்துபோனால் உடம்பைப் பார்க்க வேண்டும். ஆப்புப் போலத் தடித்த அலகு பழையது. இரு பக்கமும் குழித்துத் தேய்த்து, நகத்தால் சுண்டினால் ரீங்கரிக்கும் மெல்லிய அலகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. துருப்பிடிக்காத எஃகு என்றால் 1913க்கு முன்னே போகவே முடியாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை உருக்கியது அந்த ஆண்டில்தான்.

கார்பன் சோதனை செய்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு. அதிலிருந்து எஃகுக்கு வந்த கரியில் கார்பன்-14 மிச்சமே இருக்காது. மரக்கரியில் உருக்கிய இரும்பானாலும், கடந்த 300 ஆண்டுகளுக்குள் அந்தச் சோதனை தெளிவாகப் பிரித்துச் சொல்லாது.

பிடி மட்டும் ஏமாற்றும். உடைந்தால் மாற்றிவிடுவார்கள். தந்தம்போல் தெரியும் பிடியைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கற்பூரம் மணக்கிறதா? செல்லுலாய்டு, பிடியின் வயது 1870ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான். நைட்ரோ செல்லுலோசும் கற்பூரமும் கலந்த அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து அமில ஆவி விடும். மூடிய கத்தியில் பிடிக்குள் இருக்கும் அலகு மட்டும் அரித்துப்போவது அதனால்தான். அப்படி ஒன்று கிடைத்தால் மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பதையும் தின்றுவிடும்.