தெரிந்தும் தெரியாதது போல…

ஊர் என்றால் நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வந்து நிற்பது என்போம். அமெரிக்க எழுத்தாளர் தோர்ன்டன் வைல்டரின் ‘எங்கள் ஊர்’ (அவர் டவுன்) நாடகம் அந்த நாலு பேரைப் பற்றியதுதான். 1938இல் மேடையேறி, அதே ஆண்டில் புலிட்சர் பரிசையும் பெற்ற இந்நாடகத்தில் காட்சித் திரைகள் இல்லை. சில மேசை, கதிரைகள், இரண்டு ஏணிகள், அவ்வளவே. தாய்மார் இல்லாத அடுப்பில் சமைக்கிறார்கள். ‘மேடை முகாமையாளர்’ என்றொருவர் சபையோருடன் நேரே பேசி ஊரை அறிமுகப்படுத்துகிறார்.

ஊர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட குரோவர்ஸ் கோர்னர்ஸ். கதை தொடங்கும் 1901இல் அதன் சனத்தொகை ஏறத்தாழ 2,640. யார் வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்தது என்பது விடியற்காலையிலேயே பத்திரிகை போடும் பையனுக்கும் பால்காரருக்கும் எட்டிவிடுகிறது. அயல்வீட்டுப் பிள்ளைகளான எமிலியும் ஜோர்ஜும் 1904இல் மணமுடிக்கிறார்கள். 1913இல் எமிலி தனது 26ஆவது வயதில், பிரசவத்தில் இறந்துபோகிறாள். மயானத்திலிருந்து ஒரேயொரு நாள் பழைய வாழ்வுக்குத் திரும்பிச் செல்லும் அவளை நிமிர்ந்து பார்க்கத் தாய்க்கு நேரமில்லை. காலைச் சமையல் அவசரம். பலரும் பேசுவது இக்காட்சியைப் பற்றியே.

என் மனதில் தங்கியவரோ சைமன் ஸ்டிம்சன். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர், குடிகாரர். ஒத்திகை முடிந்து வரும் பெண்கள் வீதியில் நின்று அவரைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவர் பட்ட கஷ்டங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவை என்னவென்று நாடகம் சொல்வதில்லை. கவனிக்காதது போல இருப்பதே நாம் செய்யக்கூடியது என்கிறார் வைத்தியரின் மனைவி திருமதி கிப்ஸ். வைத்தியரின் முடிவும் ஏறக்குறைய அதுவே. பத்திரிகை ஆசிரியர் வெப் ஓரிரவு வழித்துணைக்கு வரக் கேட்கிறார். அவரோ பதில் பேசாமல் போய்விடுகிறார். கடைசியில் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறார்.

இவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவருடைய வேலையைப் பறிக்கவில்லை, ஊரைவிட்டு விரட்டவுமில்லை. பல ஊர்கள் இதைக்கூடச் செய்வதில்லை. ஆயினும், அறிந்திருப்பதையே உதவி என்று நினைத்துவிட்டார்கள். “எங்களுக்கு முதலே தெரியும் மிஸ், நாங்க ஏன் தலையிடுவான்?” வீடுகளுக்குப் போகும்போது அயலவரிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பெரும்பாலும் கணவனிடம் அடிவாங்கும் பெண்ணைப் பற்றியதாக இருக்கும்.

திருமதி கிப்ஸிடமும் சொல்லாத ஆசையொன்று இருந்தது. பழைய அலுமாரியொன்றுக்கு 350 டொலர் தருவதாக ஒரு வியாபாரி கேட்கிறார். அப்பணத்தில் பாரிஸ் நகரைப் பார்க்க வேண்டுமென்பது அவர் கனவு. கணவருக்கோ பழைய போர்க்களங்களைப் பார்ப்பதே போதும். அயல்வீட்டு வெப் அம்மாவிடம் மாத்திரமே அவர் மனம்விட்டுச் சொன்னார். போஞ்சிக்காய் துப்புரவாக்கியபடியே வெப் அம்மா அதைக் கேட்டு, கணவருக்கு இடைக்கிடை ஞாபகப்படுத்தும்படி யோசனையும் சொன்னார். பயணம் நடக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற 350 டொலருக்கு மேற்பட்ட பணம் மகனின் பண்ணைக்குப் போனது. மாடுகள் தண்ணீர் குடிக்க அங்கே சீமெந்துத் தொட்டி கட்டினார்கள்.